கடலைமிட்டாய்த் தட்டு

"நாளைக்குக் காலையில பவுன்ராஜை வேலையை விட்டுத் தூக்கப் போறேம்மா. நீங்க தடுக்கக் கூடாது."

ஆசிரமத்துக்குள் நுழைந்ததும் நுழையாததுமாகச் சந்திரமோகன் கத்தினார்.

லாரி பார்சல் கம்பெனி ஒன்றின் கோவில்பட்டிக் கிளைக்கு அவர்தான் மேனேஜர். கோபம் வந்தால் காது மடல் சிவந்துவிடும். அன்றைக்குக் கழுத்தும் சேர்ந்து சிவந்திருந்தது.

குருவான ஆனந்தவல்லி அம்மை அவரைவிட வயதில் சின்னவர். கடலைமிட்டாய்த் தட்டும் கையுமாக உட்கார்ந்திருந்தார்.

"உட்காருங்க மேனேஜரய்யா. யாரு, லோடு ஏத்துறவங்களுக்குத் தலைவரா இருக்காரே, அவரா? என்ன பண்ணினாரு?"

"என்ன பண்ணலை? ஆளுங்களைத் தூண்டிவிடுறான். முதுகுக்குப் பின்னால என்னைக் கேலி பண்றான். கிளையே ரெண்டாப் பிரிஞ்சு கெடக்கு. ஒருத்தன் மூஞ்சியில ஒருத்தன் முழிக்கிறதில்லை. எல்லாம் அந்தப் பயலால!"

"நீங்க பார்த்தீங்களா?"

"நான் வேற பார்க்கணுமா? எல்லாம் என் ரூமுக்கே வந்து சேர்ந்துடும்! வந்து சொல்றவனுக்கு நானும் ஏதாவது செய்யாம விடுறதில்லை."

அப்போது தோட்ட வேலை பார்க்கும் மூக்கம்மா வந்தாள்.

"அம்மா, இந்த ஐயா செருப்போட நடை வரைக்கும் வந்துட்டாரு."

அது உண்மைதான். கோபத்தில் மறந்துவிட்டார்.

"நல்லவேளை சொன்னே," என்று அம்மை அவளுக்கு ஒரு மிட்டாய் கொடுத்தார்.

அதைச் சமையல்கட்டு வாசலில் நின்று சமையல்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"உள்ளே வரும்போது வாசல்ல கை கழுவிட்டுக் குழாயைத் திறந்துபோட்டே வந்துட்டாரும்மா. தண்ணி பூரா வீணாப் போச்சு."

சந்திரமோகன் மூடித்தான் வைத்திருந்தார். லேசாகச் சொட்டியிருக்கும், அவ்வளவுதான்.

சமையல்காரருக்கு இரண்டு மிட்டாய் கிடைத்தது.

அவர் மென்றுகொண்டே போனதைக் கண்டு வாசல் காவல்காரன் ஓட்டமாக ஓடி வந்தான்.

"அம்மா! கேட்டுக்கு வெளியில நின்னு உங்களைப் போலிச் சாமியார்னு திட்டினாரும்மா. என் ரெண்டு காதால கேட்டேன்!"

அம்மை ஒரு கை நிறைய அள்ளி அவனிடம் நீட்டினார்.

சந்திரமோகன் துள்ளி எழுந்தார்.

"அடப்பாவி! நான் எப்படா சொன்னேன்? பச்சைப் பொய்ம்மா! மிட்டாய்க்காகப் புளுகுறான். நீங்க கொடுக்கக் கொடுக்க இவனுங்க அவிழ்த்து விட்டுக்கிட்டே இருப்பானுங்க. நான் கொலை பண்ணினேன்னு சொன்னாலும் நம்பிடுவீங்களா? நான் இங்கதானே குத்துக்கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கேன். என்னைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

இத்தனை காலம் வந்து போன இடத்தில் இப்படி ஓர் அநியாயமா!

அம்மை காவல்காரன் வெளியே போகும்வரை காத்திருந்தார்.

"சரி, பவுன்ராஜ் விஷயத்துக்கு வாங்க. அவரு உங்க ரூமுக்கு வந்து யாரைப் பத்தியெல்லாம் சொல்லியிருக்காரு?"

"அவனா? திமிர் பிடிச்சவன்! இத்தனை வருஷத்துல ஒரு நாளாவது, எவனைப் பத்தியாவது, என்கிட்ட வந்து ஒரு வார்த்தை..."

சந்திரமோகனின் பார்வை கடலைமிட்டாய்த் தட்டில் போய் நின்றது.

அம்மைக்கு இப்போதுதான் கோபம் வந்தது.

"ஏன்யா நிறுத்திட்டீங்க? சொல்லி முடிங்க!"