இலவச மவுஸ் பேச்சை விட்ட கதை

கருவிகளுக்கெல்லாம் வாய் இருந்த அந்தக் காலத்தில், மை தீரப்போவதைப் பிரிண்டர் முந்தின நாளே சொல்லிவிடும். கம்ப்யூட்டர் பெட்டியோடு இலவசமாக வரும் மவுஸும் நன்றாகவே பேசிக்கொண்டிருந்தது.

சங்கரன்கோவிலில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தவர் பிச்சுமணி. ஒருநாள் ரஹ்மத் என்ற நர்ஸ், வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்க வந்தாள். அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பிரித்த பெட்டிக்குள்ளிருந்து மவுஸ் மெதுவாகச் சொன்னது:

"அண்ணாச்சி, என் இடது பொத்தான் சரியில்லை. சில சமயம், ஒரு தடவை அழுத்தினால் இரண்டு தடவை விழுகிறது. அந்த அக்காவுக்கு வேறு மவுஸ் கொடுங்கள்."

மவுஸே சரியில்லை என்றால் மற்றதையும் சந்தேகப்பட்டு, வாங்காமல் போய்விடுவாளோ என்று பிச்சுமணிக்குப் பயம் வந்தது.

"சும்மா வருகிறவன் நீ. உன்னை யார் கேட்டார்கள்? இனி வாயைத் திறக்காதே."

"சரி, அண்ணாச்சி" என்றது மவுஸ்.

இரண்டு மாதத்தில் ரஹ்மத்துக்குப் பணியிட மாறுதல் வந்தது. ஊரைக் கம்ப்யூட்டரில் அவளே தேர்ந்தெடுக்க வேண்டும். அவள் மகள் நஸ்ரினுக்குக் காது கேட்காது; அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கான பள்ளி சங்கரன்கோவிலில்தான் இருந்தது. பக்கத்து ஊரையே எடுப்பதென்று முடிவு செய்திருந்தாள். பட்டியலில் ஒரு தடவை அழுத்தினால் ஊரின் விவரம் தெரியும். இரண்டு தடவை அழுத்தினால் அதுவே முடிவு. எங்கோ இருந்த மலையூர் ஒன்றை, என்னவென்று பார்க்கத்தான் அழுத்தினாள். இரண்டு தடவை விழுந்தது. இனி மாற்ற முடியாது என்று திரை சொன்னது.

மறுநாள் மவுஸைக் கொண்டுவந்து கடை மேசையில் வைத்தாள்.

"நான் ஒரு தடவைதான் அழுத்தினேன், அண்ணாச்சி. ஆபீஸில் யாரும் நம்பவில்லை. நீங்களாவது நம்புவீர்களா?"

பிச்சுமணியால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மவுஸைக் கையில் எடுத்தார்.

"நீயே சொல்லப்பா. தப்பு இந்த அம்மா மேல் இல்லையென்று சொல்."

"டிக்" என்றது மவுஸ். எவ்வளவு கெஞ்சியும் அவ்வளவுதான் வந்தது.

கடைசியில் அவரே சொன்னார். "இது அன்றைக்கே சொல்லிவிட்டது, அம்மா. நான்தான் அதன் வாயை அடைத்தேன்."

ரஹ்மத் மவுஸை அவர் கையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டாள். அடுத்த திங்கட்கிழமை, மகளைத் தங்கையிடம் விட்டுவிட்டு மலையூருக்குப் பஸ் ஏறினாள்.

பிச்சுமணி அதன்பிறகு ஒவ்வொரு பெட்டியைப் பிரிக்கும்போதும், "குறை ஏதும் உண்டா? தயங்காமல் சொல்" என்று கேட்டுப் பார்த்தார். வாயைத் திறக்காதே என்று அவர் சொன்னது அதற்குள் எல்லா மவுஸுக்கும் பரவியிருந்தது; எந்த மவுஸும் வாய் திறக்கவில்லை.

பெட்டியோடு சும்மா வரும் மவுஸ் ஒரு சொல்லும் சொல்லாமல் திடீரென்று கைவிடுவதும், விவரம் தெரிந்தவர்கள் தனியாக இன்னொன்று வாங்கி வைத்துக்கொள்வதும் அன்றைக்குத் தொடங்கியதுதான்.