பாத்துமுத்துவின் சிட்ருலின்

இந்த வழக்கில் தீர்ப்பு உங்களுடையது. நடந்ததை மட்டும் நான் சொல்லிவிடுகிறேன்.

திருநெல்வேலிப் பக்கம் ஒரு புற்றுநோய் மருத்துவமனை. அதன் ரத்தப் பரிசோதனைக் கூடத்தைப் பார்த்துக்கொண்டவள் ஜெசிந்தா. கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்குக் கதிர்வீச்சு கொடுக்கும்போது பக்கத்திலிருக்கும் சிறுகுடலும் புண்ணாகும். எவ்வளவு புண் என்று வெளியே தெரியாது. சிறுகுடலின் உட்படலம் உண்டாக்கும் சிட்ருலின் என்ற பொருள் ரத்தத்தில் குறைந்தால், படலம் அழிகிறது என்று அர்த்தம். அந்த அளவை நம்பலாமா என்றறிய அங்கே ஓர் ஆய்வு நடந்தது. ஆய்வு முடியும்வரை எவருடைய அளவையும் சிகிச்சை தரும் டாக்டர் கோமதிநாயகத்திடம் சொல்லக் கூடாது. சொன்னால் அவர் நோயாளியைப் பார்க்கும் பார்வையே மாறிவிடும். ஜெசிந்தா வாக்குக் கொடுத்திருந்தாள்.

கதிர்வீச்சு தொடங்கிய மூன்றாம் வாரம், ஆய்வில் சேர்ந்திருந்த மேலப்பாளையத்துப் பாத்துமுத்து சுவரைப் பிடித்தபடி ரத்தம் கொடுக்க வந்தாள்.

"வயிறு எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டாள் ஜெசிந்தா.

"நல்லாத்தான் இருக்கும்மா."

டாக்டர் தினமும் கேட்டபோதும் இதே பதில்தான். அவர் நம்பினார்.

அன்று பாத்துமுத்துவின் சிட்ருலின், சிகிச்சைக்கு முன்பிருந்த அளவில் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. ஜெசிந்தா டாக்டரின் அறை வாசல்வரை போனாள்.

"என்ன ஜெசிந்தா?"

"ஒண்ணுமில்ல சார்."

அடுத்த வாரம் பாத்துமுத்து பேருந்து நிறுத்தத்தில் மயங்கி விழுந்தாள். உடம்பில் நீரே இல்லை. மருத்துவமனைக் கட்டிலில் கண் விழித்ததும் அழுதாள்: "பேதி ஆரம்பிச்சு ரொம்ப நாளாச்சு. சொன்னா கரண்டு வைக்கிறத நிறுத்திருவீகன்னு பயந்துட்டேன்." கதிர்வீச்சைத்தான் அவள் கரண்டு என்றாள்.

டாக்டர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். ஜெசிந்தாவுக்கு அந்தக் கட்டிலைப் பார்க்கவே கூசியது.

பயந்து மறைத்தவள் பாத்துமுத்து. சொன்னதை நம்பியவர் டாக்டர். வாக்கைக் காப்பாற்றியவள் ஜெசிந்தா. மூவரில் பெரிய தவறு யாருடையது?

விடை: ஜெசிந்தாவுடையது. அளவைச் சொல்வதில்லை என்பதுதான் அவள் கொடுத்த வாக்கு. 'அந்தம்மா நடக்க முடியாமல் வருகிறார், வயிற்றைச் சோதித்துப் பாருங்கள்' என்று சொல்ல அது குறுக்கே நிற்கவில்லை. ஆய்வுக் குழுவின் முன் அவளே இதை ஒப்புக்கொண்டாள். அளவு மிகவும் இறங்கினால் உடனே தெரிவிக்கலாம் என்று விதியை மாற்றினார்கள். குடல் சற்று ஆறியபின் பாத்துமுத்து மீதிச் சிகிச்சையையும் முடித்தாள். ஜெசிந்தா மன்னிப்புக் கேட்டபோது பாத்துமுத்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அன்னைக்கே நீங்க சொல்லியிருந்தா உங்களத்தாம்மா ஏசியிருப்பேன்" என்று சிரித்தாள். ஜெசிந்தாவுக்குச் சிரிப்பு வரவில்லை.