கதவுக்குப் பின்னால் பதினொரு நிறம்

"ஒரு நிறத்தைச் சொல்லுங்கம்மா. எதுவானாலும் சரி. நான் இனி யோசிக்கவே மாட்டேன்."

மடத்து வாசலில் செருப்பைக் கழற்றும்போதே தெய்வானை இதைச் சொன்னாள்.

தெய்வானைக்கு ஐம்பத்து நான்கு வயது. மடத்துத் தலைவியான அம்மைக்கு நாற்பதுகூட ஆகவில்லை. அதனால் அம்மை அவளை அக்கா என்று கூப்பிடுவார். சீடர் என்பதால் தெய்வானை அவரை அம்மா என்பாள்.

அம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"எதுக்கு நிறம்?"

"வீட்டுக்கு. சொந்தமாக் கட்டி முடிச்சாச்சு. புதன்கிழமை பால் காய்ச்சணும். பெயின்டர் இன்னைக்கு சாயங்காலம் வரைக்கும்தான் இருப்பாராம். நாளைக்கு வேற ஊர்ல வேலை. நாலு நாளா நிறம் பார்க்கிறேன். காலையில பிடிக்கிறது மத்தியானம் பிடிக்க மாட்டேங்குது."

"வீட்டுல அவர் என்ன சொல்றார்?"

"'உன் இஷ்டம்'னு சொல்லிட்டார். அதைக் கேட்டதுல இருந்துதான் தூக்கமே இல்லை."

அம்மை பூச்சி அரித்த இலை ஒன்றை எடுத்து வெளியே போட்டார்.

"அப்படி என்ன பயம்?"

"தப்பாப் போயிட்டா? வர்றவங்க எல்லாரும் பார்ப்பாங்க. யாரு எடுத்த நிறம் இதுன்னு கேட்பாங்க. தெய்வானைன்னு சொல்வாங்க."

"சொன்னா?"

தெய்வானை புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள், பிரித்தாள், மறுபடி சுற்றினாள்.

"இதுக்கு முன்னாடி இருந்த வீடெல்லாம் என்ன நிறம்?"

"முப்பத்தோரு வருஷத்துல ஏழு வீடும்மா. முதல் வீடு வெறும் சுண்ணாம்பு. அப்புறம் ரெண்டு வீடு வெளிர் பச்சை. ஒண்ணு ரோஸ். இப்ப இருக்கிறது க்ரீம். நடுவுல ரெண்டு மறந்துபோச்சு."

"அதுல உங்களுக்கு எது பிடிச்சிருந்தது?"

"வாடகை வீட்டுல அதையெல்லாம் யாரும்மா கேட்டாங்க?"

அம்மை கீரையை முறத்தால் மூடிவிட்டு எழுந்தார்.

"வாங்க, போய்ப் பார்க்கலாம்."

வழியில் தெய்வானை ஒவ்வொரு வீட்டுச் சுவரையும் பார்த்துக்கொண்டே வந்தாள். ஓரிடத்தில் நின்றாள்.

"அந்த நீலம் எப்படிம்மா?"

"நல்லா இருக்கு."

"அப்ப அதையே அடிச்சிடவா?"

"பக்கத்து வீட்டுச் செங்கல் நிறமும் நல்லாத்தான் இருக்கு."

தெய்வானை அழுதுவிடுவாள் போலிருந்தது. அம்மை நடந்துகொண்டே இருந்தார்.

புது வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. தெய்வானை தட்டினாள்.

"திறந்துதான் இருக்கு, வாங்க," என்று உள்ளிருந்து பெயின்டர் மாசிலாமணியின் குரல் கேட்டது.

கூடத்தில் நான்கு சுவரும் பிரைமர் அடித்து வெள்ளையாக நின்றன. ஒரு பொட்டு நிறம்கூட இல்லை. மாசிலாமணி வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார். அவரைச் சுற்றிப் பதினொரு சின்ன டப்பாக்கள்.

"நீங்களாச்சும் ஒரு முடிவு சொல்லுங்கம்மா. எனக்குப் பொண்ணு பார்த்தப்பகூட இவ்வளவு நாள் ஆகலை."

"சும்மா இருங்கண்ணே," என்றாள் தெய்வானை.

அம்மை சுவர்களைச் சுற்றிப் பார்த்தார்.

"நாலு நாள் நிறம் பார்த்தீங்களே, எங்கே?"

மாசிலாமணி எழுந்துபோய் அறைக் கதவை இழுத்தார்.

கதவுக்குப் பின்னால், முழங்கால் உயரத்தில், பதினொரு தடவல்கள். ஒவ்வொன்றும் தீப்பெட்டி அளவு. எல்லாமே ஈரத்துணியால் துடைத்து மங்கிப்போயிருந்தன.

"காய்ஞ்சாத்தான் நிறம் தெரியும்னு தலையால அடிச்சுக்கிட்டேன். நான் பிரஷ்ஷை எடுக்கிறதுக்குள்ள இவங்க துணியை எடுத்துட்டு வந்துடறாங்க."

அம்மை குனிந்து பார்த்தார்.

"ஏன்க்கா இங்கே?"

"இங்கேன்னா வெளியே தெரியாது."

"துடைச்சது?"

"யாராவது பார்த்துட்டா?"

அம்மை நிமிர்ந்தார். டப்பாக்களிடம் வந்தார். கைக்கு எட்டியது மஞ்சள். உள்ளங்கையை அதில் முக்கினார். வாசலில் நுழைகிறவர்கள் முதலில் பார்க்கும் சுவருக்குப் போனார். அதன் நட்டநடுவில் ஓங்கி ஓர் அறை அறைந்தார்.

ஐந்து விரலும் பதிந்தன. மஞ்சள் கீழே வழிந்தது.

தெய்வானை ஓடினாள். முந்தானையை இழுத்துத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க மஞ்சள் பரவியது.

"என்னம்மா பண்றீங்க? ஹவுஸ் ஓனர் வந்து பார்த்தா என்ன சொல்வாங்க?"

மாசிலாமணி வாயைத் திறந்தார். அம்மை மஞ்சள் கையைத் தூக்கி அவரை நிறுத்தினார்.

"தப்புதான்க்கா. அவங்களைக் கூப்பிடுங்க. மன்னிப்புக் கேட்டுக்கிறேன்."

தெய்வானை வாசலைப் பார்த்தாள்.

வாசலில் யாருமில்லை.

மாசிலாமணியைப் பார்த்தாள். அவர் டப்பாவைப் பார்த்தார்.

துடைத்துக்கொண்டிருந்த கை சுவரிலேயே நின்றது. பிறகு அதை எடுத்தாள். முந்தானையை உதறி இடுப்பில் செருகினாள். அம்மைக்கு நேராகத் திரும்பி நின்றாள்.

"என்கிட்ட கேளுங்க," என்றாள்.