ஆறாத அப்பம்

கதையைச் சொல்வது என் பாடு, தீர்ப்புச் சொல்வது உங்கள் பாடு. அவசரப்படாமல் கேளுங்கள்.

ஆனைவாரி நாட்டு அரசன் மாறவேளுக்குக் குறை என்று ஒன்றுமே இல்லை என ஊரே பேசிக்கொண்டது. ஊருக்கு என்ன தெரியும்? விவரம் தெரிந்த நாளிலிருந்து அவன் ஒரு வாய்கூடச் சூடாகச் சாப்பிட்டதில்லை. அவன் முன்னால் வரும்போது பொங்கலில் நெய் உறைந்திருக்கும், தோசை ஈரத்துணியாகத் தொங்கும். தந்தை ஒரு விருந்தில் விஷம் கலந்த பாயசம் குடித்து இறந்தபோது மாறவேள் சிறுபிள்ளை. அன்றே அவன் தாய் பெருந்தேவி ஒரு சட்டம் போட்டாள். அரசனுக்குரிய உணவை அரண்மனைப் பணியாளர் சாத்தையா முதலில் உண்ண வேண்டும். ஒரு நாழிகை கழித்தும் அவர் நலமாக இருந்தால்தான் அரசன் இலையில் கைவைக்கலாம். தவறினால் சாத்தையா குடும்பத்தோடு நாட்டின் எல்லையைத் தாண்ட வேண்டும். சாத்தையாவும் எரியும் விளக்கின் முன் சத்தியம் செய்து கொடுத்திருந்தார்: "அரசருக்குரிய உணவு எதுவும் நான் உண்ணாமல் அவர் வாயில் படாது."

ஆக, அந்த அரண்மனையில் சுடச்சுடச் சாப்பிட்டவர் சாத்தையா ஒருவர்தான். ஆனால் அந்த மனிதர் முகத்தில் சாப்பிட்ட களையே இருக்காது. கவளத்துக்குக் கவளம் சாவைத் தேடிக்கொண்டிருப்பவருக்கு உப்பு எது, இனிப்பு எது?

மாறவேளின் பள்ளியறை ஜன்னலுக்கு நேர் கீழே, கோட்டை மதிலை ஒட்டி, உமையாள் என்பவளின் அப்பக்கடை இருந்தது. விடிந்தால் போதும், அங்கிருந்து ஆவி மேலே வரும். ஜனங்கள் விரலைச் சுட்டுக்கொண்டு, ஊதி ஊதித் தின்பதை அவன் பார்த்துக்கொண்டே நிற்பான். தாயிடம் ஒருமுறை கெஞ்சியும் பார்த்தான்.

"உங்கப்பாவும் ஒரு வாய்தான் சாப்பிட்டார்" என்றாள் பெருந்தேவி.

ஆனாலும் அவன் மனதுக்குள் இரண்டு முடிவு எடுத்தான். ஒன்று, சூடான அப்பம் ஒரு வாயாவது தின்றே தீருவது. மற்றது, அதற்காகச் சாத்தையா ஊரைவிட்டுப் போகும்படி விடாதிருப்பது. ஒன்றைப் பிடித்தால் மற்றது நழுவியது. அவன் இரண்டில் எதையும் விடுவதாக இல்லை.

ஒரு மழைக்காலை. தலையில் முண்டாசைச் சுற்றிக்கொண்டு கோட்டையின் பின்வாசல் வழியே கடைக்குப் போய்விட்டான். சாத்தையா பதறியடித்துப் பின்னாலேயே ஓடிவந்தார். அதற்குள் கூட்டம் கலைந்திருந்தது. உமையாள் கடைசிக் கரண்டி மாவைச் சட்டியில் ஊற்றிச் சுழற்றிக்கொண்டிருந்தாள்.

"எனக்கு ஒன்று கொடு" என்றான் மாறவேள்.

"மாவு தீர்ந்துபோச்சு. நாளைக்கு வாங்க."

"சட்டியில் இருக்கிறதே?"

"அது எனக்கு. ஊருக்கெல்லாம் சுட்டுப்போட்டு, கடைசி ஒண்ணை அடுப்போரமா காலை நீட்டி உக்காந்து நான் தின்பேன். ராசாவே வந்து கேட்டாலும் கிடையாது."

மாறவேளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே பொறாமையும் வந்தது. விரலிலிருந்த மோதிரத்தைக் கழற்றி நீட்டினான். அவள் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. அவள் பார்வை பின்னால் நின்ற சாத்தையாவின் முகத்தில் இருந்தது.

"ஏண்ணே, வாய்க்கு ருசியா சாப்பிட்டு எத்தனை நாளாச்சு?" என்றாள்.

சாத்தையாவின் கண் கலங்கியது. அவள் சட்டென்று அப்பத்தை எடுத்துப் பூவரச இலையில் வைத்துத் தேங்காய்ப்பாலை ஊற்றி, அவர் கையில் திணித்தாள். "இந்தாங்க, நீங்க தின்னுங்க. நான் நாளைக்குத் தின்னுக்கறேன்."

மாறவேள் அந்த அப்பத்தையே பார்த்தான். ஓரம் முறுகலாக, நடுவில் பஞ்சாக, ஆவி பறந்துகொண்டிருந்தது.

"சாத்தையா, இது யாருடைய உணவு?"

"என்னுடையது, அரசே."

அரசே என்றதும் உமையாளின் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது.

"இத்தனை வருஷம் எனக்காக நீர் உண்டு பார்த்தீர். இன்று உமக்காக நான் உண்டு பார்க்கிறேன். இது கட்டளை இல்லை, கேட்கிறேன். தருவீரா?"

சாத்தையா நெடுநேரம் யோசிக்கவில்லை. யோசித்தால் அப்பம் ஆறிவிடும். இலையை நீட்டினார். மாறவேள் பிய்த்து வாயில் போட்டான். நாக்கு சுட்டது. சுட்ட நாக்கோடு நின்று குழந்தை மாதிரி சிரித்தான். "பயமில்லை, சாப்பிடும்" என்று மீதியைத் திருப்பித் தந்தான். சாத்தையா அன்றுதான் சாவைத் தேடாமல் சாப்பிட்டார். தேங்காய்ப்பால் இனிக்கும் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

அரண்மனைக்குத் திரும்பியதும் சாத்தையா எதையும் மறைக்காமல் பெருந்தேவியிடம் சொல்லிவிட்டார். மாறவேள், "சாத்தையா போவதானால் நானும் அவர் பின்னாலேயே எல்லை தாண்டுவேன்" என்று அசையாமல் நின்றான்.

அரசனென்று தெரியாமல் தன் பங்கைத் தானம் கொடுத்தாள் உமையாள். கேட்டதும் இலையை நீட்டினார் சாத்தையா. சட்டத்துக்குள்ளேயே வழி தேடினான் மாறவேள். சத்தியம் மீறப்பட்டதா? இதில் யார் செய்தது சரி?

விடை: சத்தியம் மீறப்படவில்லை. அது அரசனுக்குரிய உணவைப் பற்றியது. உமையாள் கொடுத்ததோ சாத்தையாவுக்கு. அவள் மேல் குற்றமே இல்லை, தன்னுடையதைத்தான் தந்தாள். ஆனால் மாறவேள் செய்தது சரியென்று நான் சொல்லமாட்டேன். ஒரு வாய் ருசிக்காக ஒரு நாட்டையே பணயம் வைத்தான். சத்தியத்தின் வார்த்தையைக் காப்பாற்றினான், அதன் பின்னால் இருந்த தாயின் பயத்தை மதிக்கவில்லை. சரியாகச் செய்தவர் சாத்தையாதான். தன் இலையில் இருப்பதை யாரோடு பகிர்வது என்பது தின்பவனின் உரிமை. பிச்சைக்காரனுக்கும் இருக்கிற அந்த உரிமை சாத்தையாவுக்கு அன்றுதான் கிடைத்தது. கிடைத்ததும் அவர் செய்த முதல் காரியம், கேட்டவனுக்குக் கொடுத்தது. பெருந்தேவியும் இதையே தீர்ப்பாகச் சொல்லி அவரை நாட்டிலேயே இருத்தினாள். எல்லோரும் கலைந்த பிறகு மகனை அருகே அழைத்தாள். கணவன் இறந்த நாளிலிருந்து அவளும் மகனோடு சேர்ந்து ஆறியதையே தின்றவள்.

"ரொம்பச் சூடா இருந்ததா?" என்று கேட்டாள்.