சுவரைக் கேட்ட விகடகவி

முன்னொரு காலத்தில், ஏரிக்கரையில் தலைநகர் வைத்து ஆண்ட ஓர் அரசருக்கு வெள்ளைச் சுவரைக் கண்டாலே பிடிக்காது. புதிதாகக் கட்டிய வசந்த மண்டபத்தில் உடனே சித்திரம் வேண்டும் என்றார். அமைச்சர் அனந்தவாணர் அதற்கு ஒரு யோசனை சொன்னார். ஓவியர்கள் ஆளுக்கொரு சுவரைத் தங்கள் சொந்தச் செலவில் தீட்டட்டும். அரசருக்குப் பிடித்த ஒன்றுக்கு மட்டும் கூலி கொடுத்தால் போதும். அரசருக்கு யோசனை பிடித்துவிட்டது.

அந்தக் கூலி ஓவியரான அமைச்சரின் மைத்துனருக்குத்தான் என்பது ஊரறிந்த ரகசியம். கோலவல்லி என்ற ஓவியப் பெண் அரசவை விகடகவி குழைக்காதரிடம் வந்து முறையிட்டாள்.

"ஐயா, கோயில் வேலையை விட்டுவிட்டு வரச் சொல்லுறாங்க. வரலேன்னா அரண்மனைப் பகை. வந்தா அடுப்பு எரியாது. நான் என்ன செய்யட்டும்?"

குழைக்காதர் சபைக்குப் போய் அவளுக்காகப் பேசினார். அனந்தவாணர் அதற்காகவே காத்திருந்தவர் போல, இவ்வளவு பரிவுள்ளவர் தாமும் ஒரு சுவர் தீட்டட்டுமே என்றார். குழைக்காதருக்குத் தூரிகை பிடிக்கவே தெரியாது. சபை சிரித்தது. அவர் அதைக் கண்டுகொள்ளாமல் ஒப்புக்கொண்டு, அரசருக்குப் பிடிக்காத சித்திரம் யாருக்குச் சொந்தம் என்று மட்டும் கேட்டார்.

"அதெல்லாம் எனக்கெதற்கு? தீட்டியவருக்கே சொந்தம்" என்றார் அரசர்.

அரச வாக்கை நம்பி வேலையில் இறங்கும்படி கோலவல்லியிடமும் மற்றவர்களிடமும் குழைக்காதர் சொன்னார். மண்டபம் வண்ணத்தில் மூழ்கியது. கோலவல்லியின் தாமரைக் குளத்தில் வண்டு வந்து உட்கார்ந்து ஏமாந்து போயிற்று. குழைக்காதரின் மயிலைப் பார்த்தவர்கள் கத்தரிக்காய் என்றார்கள். எதிர்பார்த்தபடியே, அரசர் யானைமேல் பவனி வருவதைத் தீட்டிய மைத்துனரின் சுவர் வென்றது.

மறுநாள் காலை மண்டபத்தில் இடிக்கும் சத்தம் கேட்டு அரசர் ஓடிவந்தார். குழைக்காதர் வேட்டியை மடித்துக் கட்டி, கடப்பாரையால் தம் சுவரின் அடியைப் பெயர்த்துக்கொண்டிருந்தார். தோற்ற ஓவியர்கள் எல்லோரும் வண்டிகளோடு நின்றார்கள்.

"என்ன காரியம் செய்கிறீர்?"

"எங்கள் சொத்தை வீட்டுக்கு எடுத்துப் போகிறோம், அரசே. சித்திரம் சுவரை விட்டு வர மறுக்கிறது. ஆகவே சுவரோடு எடுக்கிறோம்."

"மண்டபமே சரிந்துவிடுமே!"

"தாங்கள் தேர்ந்தெடுத்த சுவரை யாரும் தொடமாட்டோம். கூரை முழுவதையும் அதுவே தாங்கிக்கொள்ளும் என்று அமைச்சர் உறுதி சொன்னால் போதும்."

அனந்தவாணர் அண்ணாந்து கூரையைப் பார்த்தார். மெல்ல வாசற்பக்கம் நகர்ந்தார். அரசருக்கு விஷயம் புரிந்தது. தீட்டிய அத்தனை பேருக்கும் கூலி கொடுக்கும்படியும், கோலவல்லியையே அரண்மனை ஓவியராக அமர்த்தும்படியும் உத்தரவிட்டார். பிறகு சற்றே முறைத்தபடி, அப்படியானால் கூலி பேசாமல் யாருமே எதையும் செய்யக் கூடாதா என்று கேட்டார்.

"செய்யலாம், அரசே. கேட்பவர் மனம் முன்பே முடிவாகியிருக்கக் கூடாது. வேலை கையளவாக இருக்க வேண்டும். வேண்டாம் என்றால் வேறிடத்தில் விற்க முடிய வேண்டும். முதன்முதல் தங்கள் முன் நான் சொன்ன விகடத்துக்குக் கூலி கேட்டேனா?"

"கேட்கவில்லை. நான் சிரிக்காமல் இருந்திருந்தால்?"

"அதே விகடத்தைப் பக்கத்து நாட்டில் சொல்லியிருப்பேன். அதில் வரும் முட்டாள் அரசர் பெயரை மட்டும் மாற்றியிருப்பேன்."

அரசர் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தம் கையிலிருந்த கடகத்தைக் கழற்றிக் குழைக்காதருக்குப் பூட்டியபோதும் அந்தச் சிரிப்பு அடங்கவில்லை.