கரைவலையில் பத்துப் பங்கு

கேளுங்கள். கடல் கோயில் வாசல்வரை வந்துபோன காலத்தில், சங்குமேட்டுத் துறையில் ஆகத்தம்மாள் என்றொரு கன்னியாஸ்திரி இருந்தாள்.

பெருநோய் கண்டு ஊர் விரட்டிய ஏழு பேரைத் தாழம்புதருக்கு அப்பால் ஓர் ஓலைக் குடிசையில் வைத்துப் பராமரித்தாள். அவர்களைப் போன்றவர்களைப் பராமரிக்க ஒரு கன்னியர் சபை தொடங்க வேண்டும் என்று உறுதி கொண்டிருந்தாள். ஆயரோ, தவக்காலத்துக்குள் நிலையான சோற்றுக்கு வழி காட்டு, இல்லாவிட்டால் குடிசையை மூடிவிடு என்று சொல்லிவிட்டார்.

துறைக்குத் தலைவர் பட்டங்கட்டி தொம்மை. அவரிடம் போய், தினமும் கொஞ்சம் மீன் தரும்படி கேட்டாள். கடலில் விரித்துக் கரையில் நின்று இழுக்கும் கரைவலையின் கயிற்றை இழுத்தவர் யாரானாலும் மீனில் பங்கு உண்டு, இழுக்காதவர் ஆயரே ஆனாலும் இல்லை, அதுதான் துறையின் வழக்கம் என்றார் அவர்.

மறுநாள் விடிந்ததும் அவள் வந்து கயிற்றைப் பிடித்தாள்.

"செபமாலை உருட்டுற கை, தாயாரே. தோல் உரிஞ்சிரும்" என்று ஒருவன் சிரித்தான்.

உரிந்தது. அவள் விடவில்லை. ஒரு பங்கு கிடைத்தது. ஏழு வயிற்றுக்கு அது போதவில்லை.

இரண்டாம் நாள் கைம்பெண்கள் இருவர் அவளோடு சேர்ந்து இழுத்தார்கள். மூன்று பங்கும் குடிசைக்குப் போனது. அப்போதும் அரை வயிறுதான்.

மூன்றாம் நாள் அவள் நோயாளிகள் ஏழு பேரையும் கூட்டி வந்தாள். விரல் இல்லாதவர்கள் கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டார்கள். அதே கயிற்றை இழுத்துக்கொண்டிருந்த ஆண்கள் நோய்க்குப் பயந்து கையை உதறிவிட்டு விலகினார்கள். வலை நிறையச் சாளை மீன். கயிறு கடலை நோக்கி நழுவியது. பத்துப் பேரும் மணலில் குதிகாலைப் புதைத்து நின்றார்கள்.

பட்டங்கட்டி ஓடி வந்தார். "அவங்கள அனுப்பிருங்க தாயாரே. எங்க ஆளுக பிடிப்பாங்க."

"போனா அவங்க பங்கும் போயிரும். இழுத்தவர் யாரானாலும்னு சொன்னது நீங்க. வழக்கம் இன்னைக்கு மாறிட்டுன்னு ஊர் கேக்கச் சொல்லுங்க, விட்டுருதோம்."

அவர் கரையைப் பார்த்தார். அங்கே நின்ற கிழவர்களும் தகப்பனில்லாத வீட்டாரும் அந்த ஒரு வழக்கத்தை நம்பித்தான் உலை வைத்தார்கள். இன்று ஏழு பேருக்கு இல்லையென்றால் நாளை யாருக்கு வேண்டுமானாலும் இல்லையென்று சொல்லிவிடலாம். அவர் வேட்டியை மடித்துக் கட்டி, கடைசியில் நின்ற நோயாளிக்குப் பின்னால் போய்க் கயிற்றைப் பிடித்தார். விலகியவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள்.

அன்று முதல் தினமும் பத்துப் பங்கு குடிசைக்குப் போனது. தவக்காலத்துக்கு முன்பே ஆயரின் அனுமதி வந்தது. அந்தக் கைம்பெண்கள் இருவரும் சபையின் முதல் கன்னியர் ஆனார்கள்.

எளியவருக்காக நிற்பவருக்கு இரக்கம் மட்டும் போதாது, நியாயத்தைப் பிடித்தால் கை உரிந்தாலும் விடாத உறுதியும் வேண்டும்.