பொந்துக்குள் வளர்ந்த பயறு

ஒரு காட்டில் இருந்த பள்ளிக்கூடத்தில், "அடுத்த வெள்ளிக்கிழமை அறிவியல் கண்காட்சி" என்று கரடி டீச்சர் சொன்னதுமே குரங்குக்கு வயிறு எரியத் தொடங்கியது. போன ஆண்டு முதல் பரிசு அணிலுக்குப் போயிருந்தது. இந்த ஆண்டு பரிசு தனக்குக் கிடைக்க வேண்டும் என்பதைவிட, அணிலுக்குக் கிடைக்கக் கூடாது என்பதுதான் அதன் பெரிய கவலை.

குரங்கு ஒரு கொட்டாங்கச்சியில் மண் போட்டுப் பயறு விதைத்தது. வெயிலில் வைத்து, தினமும் தண்ணீர் தெளித்து, அக்கறையாகத்தான் வளர்த்தது.

அணில் இரண்டு கொட்டாங்கச்சிகளில் விதைத்தது. ஒன்றைப் பாறைமேல் வைத்தது. இன்னொன்றை மரப்பொந்துக்குள் வைத்து, வாசலை இலையால் மூடியது.

"ஏன் மூடுகிறாய்?" என்று கேட்டது குரங்கு.

"கண்காட்சி அன்றைக்குச் சொல்கிறேனே!" என்றது அணில்.

அவ்வளவுதான். குரங்குக்கு வாழைப்பழம்கூடத் தொண்டையில் இறங்கவில்லை. 'நல்லதை ஒளித்து வைத்திருக்கிறது, திருட்டு அணில்!' என்று பொருமியது.

வியாழக்கிழமை, அணில் இல்லாத நேரம் பார்த்து இலையை விலக்கியது. அடேயப்பா! பொந்துக்குள் இருந்த செடி, குரங்கின் செடியைப்போல் இரண்டு மடங்கு உயரம். அது வெளுத்துப் போய் நூலாய் மெலிந்திருந்தது. ஆனால் பொறாமை பிடித்த கண்ணுக்கு உயரம் மட்டும்தான் தெரிந்தது. அதை எடுத்துக்கொண்டு, தன் செடியை அங்கே வைத்துவிட்டு ஓடியது.

மறுநாள் கண்காட்சி.

"பாருங்கள் டீச்சர், என் செடிதான் உயரம்!" என்றது குரங்கு.

டீச்சர் தொட்டதும் செடி மண்ணில் சாய்ந்தது. "வெயிலே காட்டவில்லையா? வெளிச்சம் தேடி நீண்டிருக்கிறது, தண்டில் வலுவே இல்லையே" என்றார்.

குரங்கு சாய்ந்த செடியை நிமிர்த்தி வைக்கப் பார்த்தது.

அடுத்து அணில் வந்தது. "டீச்சர், இருட்டில் செடி எப்படி வளரும் என்று பார்க்க ஒன்றைப் பொந்தில் வைத்தேன். நேற்றுவரை வெளுத்து நின்றது. இன்றைக்குப் பார்த்தால் அங்கே இந்தச் செடி இருக்கிறது. இது என்னுடையது இல்லை."

டீச்சர் அதைக் கையில் வாங்கினார். கரும்பச்சை இலைகள், உறுதியான தண்டு. "கண்காட்சியிலேயே இதுதான் அருமையான செடி! முதல் பரிசு இதற்குத்தான். வளர்த்தவர் கை தூக்குங்கள்" என்றவர், குரங்கையே பார்த்தார்.

குரங்கின் கை பாதிவரை எழுந்தது. தூக்கினால், செடி பொந்துக்குள் எப்படிப் போனது என்று சொல்ல வேண்டுமே! கை மெல்லக் கீழே இறங்கியது.

"யாரும் இல்லையா? அப்படியானால் பரிசு, உள்ளதை உள்ளபடி சொன்ன அணிலுக்கு!"

எல்லாரும் கைதட்டினார்கள். அழுகையை அடக்கிக்கொண்டு குரங்கும் தட்டியது.

நீதி: அடுத்தவரிடம் இருப்பதைப் பார்த்துப் பொறாமைப்படுபவர், தம்மிடம் இருக்கும் நல்லதைத் தம் கையாலேயே தொலைத்துவிடுவார்.